வர்க்கி முடுக்கிய நட்டு

அந்த நட்டைக் கழற்றியது நான். வர்க்கி இல்லை.

அதனால் மாயாண்டி என்ற மனிதர் செத்தார். பழியை வர்க்கி தலையில் வாங்கிக்கொண்டான். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படித்தாலும் சரி, மடித்து வைத்தாலும் சரி.

என் பெயர் சுருளி. மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஸ்பானர் பிடித்த கைக்குப் பேனா வழுக்குகிறது. அதனால் சுருக்கமாகத்தான் வரும். சுருக்கமாகச் சொன்னால் குற்றம் சிறிதாகிவிடுமோ? ஆகாது. ஆகக் கூடாது.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு நடந்தது இது. சின்னமனூரில் ரத்தினம் முதலாளியின் மோட்டார் ஷெட்டில் நான் மேஸ்திரி. முதலாளிக்கு மலையில் ஏலத்தோட்டம். கீழே இரண்டு பஸ்கள். அதே மலையில் ஒரு துரை இருந்தார். வேகத்துக்கென்றே செய்த சீமைக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். தரையோடு படுத்தாற்போல இருக்கும். ஒரு நாள் அது கொட்டகையோடு எரிந்தது. துரை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாக வேறொன்றைத் தருவித்துக்கொண்டார். எரிந்ததை எங்கள் முதலாளி கேட்டு வாங்கிவிட்டார்.

எதற்கு? துரைமார்கள் வருஷத்துக்கு ஒரு முறை கார்ப் பந்தயம் விடுவார்கள். வைகாசியில் கண்மாய் வற்றியதும் காய்ந்த உள்வாய்த் தரையில் வட்டமாகத் தடம் போட்டு, பத்துச் சுற்று. அந்த வருஷம் நம்மவர்களும் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

“அவன் எரிச்சுப் போட்ட காருலயே அவன முந்தணும்டா சுருளி. நீ செஞ்சு குடு. அப்புறம் இந்த ஷெட்டுல நீ வச்சதுதான் சட்டம்” என்றார் முதலாளி.

கார் மலையிலிருந்து மாட்டு வண்டியில் இறங்கியது. இரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் கவிழ்ந்த ஆமை போல வைத்துக் கொண்டுவந்தார்கள். கூடவே நடந்து வந்தவன் வர்க்கி. துரையின் டிரைவர். கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவன். எனக்கு இரண்டு வயது இளையவன்.

“நீ ஏம்ப்பா கூட வர்ற?” என்று கேட்டேன்.

“காரு போச்சு. டிரைவரு எதுக்கு? துரை என்னையும் சேத்துக் குடுத்துட்டாரு அண்ணே” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எரிந்த காரைப் பார்த்து ஒருவன் சிரிப்பானா...?

மூடு துணி சாம்பல். ஆசனம் சாம்பல். உடம்பின் மரச்சட்டம் கரி. பின்பக்கத் தகடு மெழுகுபோல் உருகி வழிந்து அப்படியே உறைந்திருந்தது. வயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எஞ்சினைப் பிரித்தோம். பேரிங் ஈயம் உருகிக் கீழே கட்டியாகக் கிடந்தது. ஆனால் எஞ்சின் கட்டை விரிசல் விடவில்லை. முன் அச்சு வளையவில்லை. தீ பின்பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறது.

வர்க்கி சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு சொன்னான்: “பந்தயத்துக்கு மூடி எதுக்கு? மட்கார்டு எதுக்கு? விளக்கு எதுக்கு? எப்படியும் நாம கழட்டித்தான் எறியணும். தீ நம்ம வேலையில பாதியச் செஞ்சு வச்சிருச்சு அண்ணே.”

அவன் சொன்னது சரிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தீக்கு இவன் ஏன் நன்றி சொல்கிறான்? இவன் கையிலிருந்த கார் எப்படி எரிந்தது? இடது உள்ளங்கையில் பெரிய வடு வேறு இருந்தது.

“கையில என்ன?”

“தீ.”

“எந்தத் தீ?”

“அந்தத் தீதான். வேற எந்தத் தீ?” என்றான். நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கிறவன் இல்லை, கணக்குப் போடுகிறவன். கொளுத்தியவனுக்குத்தான் கை சுடும் என்று போட்டேன்.

ஆறு மாதம் வேலை. தீயில் சிவந்து தானாக ஆறிய எஃகு பதம் இழந்துவிடும். அரம் போட்டால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒவ்வொன்றாக உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றினேன். அது என் வேலை. பட்டறையில் பிறந்தவன் நான். மோட்டார் வருவதற்கு முன்னால் ரேக்ளா வண்டிகளுக்குச் சக்கரப் பட்டை அடித்தவன். எஞ்சினும் ஸ்டீரிங்கும் வர்க்கி வேலை. பேரிங்குக்குப் புதிதாக ஈயம் வார்த்து, கத்தியால் சுரண்டிச் சுரண்டி உட்கார வைத்தான். அப்படி ஒரு கையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பொறாமையா? இருக்கலாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை குறையவேண்டும் என்று அடி இரும்புச் சட்டம் முழுக்கத் துளை போட்டோம். ஆசனத்துக்குப் பதில், கூடை பின்னுகிறவரிடம் சொல்லி மூங்கிலில் ஒரு தொட்டி பின்னி வாங்கினோம். பானெட்டை மாட்டு வார் போட்டுக் கட்டினோம். புகைக்குழாயை நேராக வெளியே விட்டோம். முதன்முதலில் எஞ்சினைக் கிளப்பிய அன்று சந்தையிலிருந்த மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின.

ஓட்டிப் பார்க்கக் கண்மாய்க்குத்தான் போவோம். அங்கே மாயாண்டி இருந்தார். கண்மாய்க்குக் காவல்; மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர். தண்ணீர் இல்லாத மாதத்தில் அவருக்கு வேலை இல்லை. எங்களைத் திட்டுவதை வேலையாக வைத்துக்கொண்டார்.

“ஏலே, எங் கம்மாய உழுது போட்டுட்டீகளேடா! வெதைக்கப் போறீகளா?”

“பெட்ரோல் வெதைக்கிறோம் மாமா. மழை பேஞ்சா காரா மொளைக்கும்” என்பான் வர்க்கி.

“மொளைச்சா எனக்கு ஒண்ணு குடுரா. மடைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து முட்டி போச்சு.”

வர்க்கி அவரை ஒரு நாள் மூங்கில் தொட்டியில் தூக்கி உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இறங்கியபோது மனிதரின் தலைத்துண்டு பறந்திருந்தது, வாயெல்லாம் பல். “ஆத்தாடி! ஆத்தாடி!” என்பதைத் தவிர அவரால் வேறு பேச முடியவில்லை. அன்றிலிருந்து வர்க்கி அவருக்கு மருமகன். பந்தயத்தன்று திருப்பத்தில் கொடி ஆட்ட ஆள் வேண்டும் என்றபோது, “எம் மருமகன் ஓட்டுறான், நான் நிக்கிறேன்” என்று வந்தார். அவராகத்தான் வந்தார்.

ஷெட்டின் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு நட்டை ஒருவன் முடுக்கி முடித்தால் அதன்மேல் சுண்ணாம்பால் அடையாளம் வைப்பான். வைத்துவிட்டால் அது அவன் பொறுப்பு. வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் அவனைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். நான் ஒரு பொட்டு வைப்பேன். வர்க்கி குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, சின்னச் சிலுவை போல் இழுப்பான். ஸ்டீரிங் முழுக்க அவன் சிலுவைதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது ஷெட்டுடையது இல்லை, ரேக்ளாப் பந்தயத்துடையது. எதிராளி ஆள் வைத்துக் கடையாணியை உருவிவிடுவான். அல்லது பாதி அறுத்துவிட்டுப் போவான். சக்கரம் கழன்று மாடும் ஆளும் புரண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் வண்டி கோட்டுக்கு வருவதற்குச் சற்று முன்னால் வண்டிக்காரனே கடையாணியை உருவி, பார்த்து, மறுபடி செருகுவான். கூடப் பிறந்தவன் செருகியிருந்தாலும் உருவுவான். கடைசியாகத் தொட்டது தன் கையாக இருக்கவேண்டும். அந்த நியாயத்தில் வளர்ந்தவன் நான்.

கடையாணியை நூறு தடவை உருவலாம், நூறு தடவை செருகலாம். அதற்கு ஒன்றும் ஆகாது. காரில் இருப்பது கடையாணி இல்லை... இது எனக்குத் தெரியாதா? தெரியும்!

ஞாயிறுதோறும் வர்க்கி மேலே போய்வந்தான். “எங்கன போற?” என்றால் “கோயிலுக்கு” என்பான். கோயில் கீழேயும் இருந்தது; இவன் ஏன் மலை ஏறுகிறான்? துரை வீட்டுச் சமையல்காரனோடு சந்தையில் நின்று மலையாளத்தில் பேசினான். நான் போனதும் பேச்சு நின்றது. எனக்கும் மலையாளம் கொஞ்சம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும், அதனால்தான் நிறுத்தினானோ? இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். துரையின் பழைய ஆள். துரையின் பழைய கார். துரையும் ஓட்டுகிறார். இவன் ஜெயிக்கவா வந்திருக்கிறான், தோற்கவா?

முதலாளியிடம் ஒரு நாள் வாயை விட்டேன். “அவன நம்பலாமா?” என்று கேட்டேன்.

“நீ எதுக்கு இருக்க? கண்ண வச்சுக்க” என்றார். அவ்வளவுதான். அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. எல்லோருக்கும் இரண்டு கண். எனக்கு அந்த ஆறு மாதமும் உடம்பெல்லாம் கண்.

பந்தய நாள் வந்தது. காலையிலேயே கரை நிறைந்துவிட்டது. கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மொத்தம் ஆறு கார்கள். ஐந்து துரைமார்களுடையவை, பளபளப்பு. ஆறாவது எங்களுடையது, கறுப்பு. தீ பட்ட தகட்டுக்கு நாங்கள் வர்ணம்கூடப் பூசவில்லை. ஜனங்கள் அதற்குக் கரிக்குருவி என்று பெயர் வைத்துக் கத்தினார்கள்.

வர்க்கி எழுந்து துரையின் காரருகே போனான். நான் பார்த்தேன். இருவரும் பேசினார்கள். துரை அவன் தோளில் கை வைத்தார். பிறகு தம் கருவிப் பெட்டியைத் திறந்து, சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வர்க்கி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

ஆறு மாதக் கணக்கும் ஒரே வினாடியில் கூடிவிட்டது. கூலி வாங்கிவிட்டான்! என்னத்தையோ செய்துவிட்டான்!

அவன் திரும்பி வந்து, “தண்ணி குடிச்சுட்டு வர்றேன் அண்ணே” என்று கருவேல மரத்தடிப் பானைக்குப் போனான். நான் காருக்கு அடியில் படுத்தேன்.

எதைப் பார்ப்பது? ஸ்டீரிங்கைத்தான். நான் கெடுப்பதென்றால் அதைத்தான் கெடுப்பேன். ஸ்டீரிங் கம்பியும் சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையும் சேருகிற மூட்டில் ஒரு நட்டு. நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு காட்டர் பின்: துளையில் செருகி, இரண்டு காலையும் மடக்கிவிடுகிற சின்னக் கம்பி. மேலே வெள்ளையாகச் சிலுவை.

மடங்கிய காலை நிமிர்த்தினேன். ஒரு கால் முறிந்தது. இழுத்தேன். நட்டைக் கழற்றினேன். உள்ளே அறுத்திருக்கிறதா, அரம் பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. கொஞ்சமாகக் கிரீஸ் தடவி, பழுதில்லாமல், அழகாக, அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தான். அப்போதாவது எனக்கு வெட்கம் வந்ததா? வரவில்லை. வேறு எங்கே கைவைத்திருப்பான் என்றுதான் ஓடியது புத்தி...

அதற்குள் கார்களைக் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி மணி அடித்தார்கள். நட்டைப் போட்டு முடுக்கினேன். நட்டின் பள்ளமும் துளையும் நேருக்கு வரவில்லை. சற்றுத் தளர்த்தித் துளையைக் கண்டேன். பின்? அது முறிந்து கையில் கிடந்தது. புதுப் பின் என்னிடம் இல்லை. வர்க்கியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் ஏன் கழற்றினாய் என்பான். அவன் அடையாளம் வைத்த நட்டை அவனுக்குத் தெரியாமல் கழற்றினேன் என்று, அத்தனை பேர் முன்னால், நான் சொல்லவேண்டும்.

சொல்லவில்லை. அச்சில் சுற்றியிருந்த கட்டுக்கம்பியில் ஒரு துண்டு ஒடித்தேன். துளையில் விட்டு முறுக்கினேன். பத்துச் சுற்றுத்தானே, தாங்கும் என்றேன். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு எடுத்தேன். குறுக்கே ஒரு கோடு. நெடுக்கே ஒரு கோடு. அவன் போடுவதைப்போலவே போட்டேன். என் பொட்டை வைக்கவில்லை. கவனியுங்கள்: அவன் சிலுவையைப் போட்டேன்! அவசரத்தில் செய்தேன் என்று நான் சொல்ல வந்தால் நம்பாதீர்கள். அவசரக்காரன் அதைச் செய்யமாட்டான்.

வெளியே வந்து மண்ணைத் தட்டினேன். வர்க்கி ஏறி உட்கார்ந்தான். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“எல்லாம் சரிதானே அண்ணே?”

“நீ முடுக்கினதுதானே. என்னையக் கேக்குற?” என்றேன்.

“சாரமில்ல அண்ணே. உங்க வாயால கேக்கலாம்னுதான்” என்றான். சாரமில்ல என்றால் அவர்கள் பேச்சில் பரவாயில்லை என்று அர்த்தம்.

கொடி இறங்கியது. ஐந்தாவது சுற்றில் அவன் இரண்டாவது. ஆறாவதில் துரையைத் தொட்டுவிட்டான். ஏழாவதில் முந்தினான். கரையெல்லாம் கத்தியது. முதலாளி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தார். இவன் தோற்க வந்தவன் இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கொடியை ஆட்டி நிறுத்தியிருக்கவேண்டும். கால் எடுத்து வைக்கவில்லை. ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

எட்டாவது சுற்று. மேற்குத் திருப்பம். கார் திரும்பவில்லை. சக்கரம் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். வர்க்கி ஸ்டீரிங்கைச் சுற்றுவதும், அது பம்பரம்போல் வெறுமனே சுழல்வதும் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நேரே கரைக்குப் போனான். மாயாண்டி அங்கே நின்று கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். மருமகன் முதலாவதாக வருகிறான் என்ற சந்தோஷத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

முதலில் ஓடிச் சேர்ந்தவன் நான். அதற்கு என்னை எல்லோரும் பாராட்டினார்கள். நான் எங்கே ஓடினேன் தெரியுமா? மாயாண்டியிடம் இல்லை. காருக்கு அடியில் கைவிட்டேன். துளையில் அறுந்த கம்பித் துணுக்கு ஒன்று தொங்கியது. அதைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். அதற்குப் பிறகுதான் அவரைத் தூக்கினேன். அவருக்கு அப்போது உயிர் இருந்தது. “எம் மருமகன்... பொழைச்சானா?” என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

வர்க்கிக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. தொங்கிய கையோடு வந்து மாயாண்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

துரைதான் குனிந்து ஸ்டீரிங் மூட்டுப் பக்கம் பார்த்தார். எஞ்சின் வேலை தெரிந்தவர். கழன்ற நட்டைப் புழுதியிலிருந்து எடுத்தார். அதன்மேல் பாதிச் சிலுவை அழியாமல் இருந்தது.

“வர்க்கி, பின் எங்கே?” என்றார் தமிழில்.

“போட்டேன் துரை.”

“இங்கே இல்லை.”

வர்க்கி நல்ல கையால் தன் சட்டைப் பையைத் தொட்டான். பொட்டலத்தை எடுத்தான். காகிதம் விரிந்தது. உள்ளே நான்கு காட்டர் பின். புத்தம் புதுசு.

கூலி இல்லை. பின்! எங்களிடம் புதிது இல்லையே என்று துரையிடம் போய்க் கேட்டு வாங்கி வைத்திருந்தான். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கையில் கொடுத்திருப்பான்.

அவன் அந்த நான்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். வேறு யாரும் அவ்வளவு கிட்டத்தில் இல்லை.

“பழசு போட்டிருந்தேன்... புதுசு மாத்தலாம்னு வாங்கினேன்... பழசக் கழட்டிட்டேனா?” என்றான். என்னைப் பார்த்தான். “போட்டேன்தானே அண்ணே? போட்டேனா?”

இதோ, இந்த இடம். இந்த இடத்தில் நான் ஒரு மனிதனாக இருந்திருக்கலாம்.

தரையைப் பார்த்தேன்.

“மறந்துட்டேன் போல” என்றான் வர்க்கி. அவனே சொன்னான். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

போலீஸ் வந்து தற்செயல் என்று எழுதிக்கொண்டு போனது. முதலாளி அவனை ஷெட்டுப் பக்கம் வராதே என்றார். அவன் ஏன் என்று கேட்கவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டு, “நீ அன்னைக்கே சொன்ன, நாந்தான் கேக்கல. ஒங் கண்ணுதாண்டா கண்ணு” என்றார். ஷெட்டு என் பொறுப்பில் வந்தது. நான் வைத்ததுதான் சட்டம். அடையாளம் வைத்த நட்டை எவனாவது தொட்டால் அடித்துத் துரத்தினேன். நான்!

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் ஏலியம்மா வந்தாள். வர்க்கியின் மனைவி. அவர்கள் அப்போது கம்பத்தில் குடியிருந்தார்கள். வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, ஒரே ஒரு வார்த்தை கேக்கத்தான் வந்தேன். அன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தீகளாமே. அவுக அந்தப் பின்னப் போட்டாகளா, போடலையா?”

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“ஸ்பானரத் தொட மாட்டேங்கறாக. ஞாயித்துக்கெழமைதோறும் சாமியார்ட்டப் போயி பாவசங்கீர்த்தனம். அதே பாவம். ஒரு தடவ சொன்னாப் போச்சுன்னு சாமியாரே சொல்லிட்டாரு. இவுகளுக்குப் போகல. அந்த மாயாண்டி மாமா வீட்டுக்குக் கூரை மேயறதும் வெறகு ஒடைக்கிறதும் இவுகதான். அந்தம்மா வேணாம்னு வெரட்டுறாக, இவுக போயிப் போயி நிக்கிறாக.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “துரை காரு எரிஞ்சப்ப வெறுங்கையால தீய அணைச்ச மனுசன் அண்ணே. கொட்டகைக்குள்ள மாட்டிக்கிட்ட தோட்டக்காரன இழுத்துப் போட்டு, கை வெந்து கெடந்தாக. அந்தத் தோட்டக்காரன் நடக்க முடியாமக் கெடக்கான்னு ஞாயிறு ஞாயிறு மலையேறிப் பாப்பாக. அவ்வளவு பொறுப்புள்ள ஆளு ஒரு பின்ன மறப்பாகளா? நீங்க பாத்ததச் சொல்லுங்க. போட்டதப் பாத்தேன்னு ஒரு வார்த்தை. போதும்.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வடு. ஞாயிற்றுக்கிழமை. மலை. ஒவ்வொன்றும். ஆறு மாதம் நான் போட்ட கணக்கில் ஒரு எண்கூடச் சரியில்லை.

செய்யாத பாவத்தை வாரம்தோறும் முழங்காலிட்டுச் சொல்கிறான் ஒருவன். செய்த நான் இங்கே கை துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

முழு உண்மையைச் சொல்லவேண்டாம். ‘போட்டதைப் பார்த்தேன்’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். நான்தானே அந்தப் பின்னை உருவினேன்! ஆனால் உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? போட்டது உண்மையென்றால், எடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வருமே! இவளை அனுப்பியது யார்? அவனா? தெரிந்துகொண்டுதான் அனுப்பினானா? என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறானா?

அவள் அழுதுகொண்டு நிற்கிறாள். நான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறேன்.

“நான் கவனிக்கலம்மா” என்றேன்.

“நல்லா நெனைச்சுப் பாருங்க அண்ணே.”

“கவனிக்கல.”

அவள் தலையை ஆட்டினாள். என்னைக் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இப்போது யுத்தம். பெட்ரோல் இல்லை. பஸ்கள் கரிவாயுவில் ஓடுகின்றன. பின்னால் உலை வைத்து, கிளம்புமுன் கால் மணி நேரம் அதற்குக் காற்றடிக்கிற உருளியைச் சுற்றவேண்டும். கம்பம் ஸ்டாண்டில் அதைச் சுற்றுகிறவன் வர்க்கி. ஸ்பானர் வேண்டாத வேலை. பேரிங் சுரண்டிய அந்தக் கை கரியோடு கரியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கிறான். நன்றாகக் காது கேட்கும். நான் போய்ச் சொன்னால் விளங்கிக்கொள்வான்.

இதை எழுதியாவது தீரட்டும் என்று உட்கார்ந்தேன். தீரவில்லை. உங்களிடம் சொன்னது அவனிடம் சொன்னது ஆகுமா? நீங்கள் யாரோ... நீங்கள் போய் அவனிடம் சொல்லிவிடுவீர்களோ என்று இந்த வரியை எழுதும்போதே பயப்படுகிறேன். என் லட்சணம் இதுதான்.

பஸ் வேலையாக மாதம் இரண்டு தடவையாவது கம்பம் போகவேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஸ்டாண்டில் இறங்கியபோது அவன் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். “அண்ணே, சௌக்கியமா?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் வழியெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

இப்போதெல்லாம் கம்பத்துக்கு ஒரு மைல் முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வழியாக நடந்து போகிறேன்.